எல்லாரும் புகழும் டபுள் ஐபிஏ எனக்கு வெறும் கசப்பாகத் தெரிகிறது. இதை எப்படிச் சுவைத்து மதிப்பெண் போடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் ஐந்துக்கு நாலரை கொடுத்த ஒரு டபுள் ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் (ஐபிஏ) என்ற கசப்பான பீர் வகையின் வலுவான வடிவம். 8 சதவீத ஆல்கஹால், பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவை அள்ளிப் போட்டுச் செய்தது. நீங்கள் அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கேனிலிருந்தே குடித்திருக்கிறீர்கள். கசப்பும் தொண்டை எரிச்சலும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டு, "என் நாக்கில் குறையா, பீரில் குறையா?" என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் நாக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் மதிப்பெண்ணை ரொம்பச் சீக்கிரம் போட்டுவிட்டீர்கள். இந்த வகை பீரின் முதல் மடக்கில் கசப்பு எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும். அந்தக் கசப்பு எதன் மேல் ஏறி வருகிறது, விழுங்கிய பிறகு எப்படி விலகுகிறது என்பதெல்லாம் கிளாஸ் பாதி காலியாகி, குளிர் கொஞ்சம் விட்ட பிறகுதான் தெரியவரும். நான் டபுள் ஐபிஏவுக்குப் போடும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த விலகும் விதத்துக்கானது. அதை எப்படிக் கவனிப்பது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதலில் இந்த பீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. 1994-இல் கலிஃபோர்னியாவின் டெமெக்யுலாவில் வின்னி சிலுர்ஸோ பிளைண்ட் பிக் என்ற சிறிய பீர் ஆலையில் தன் முதல் பீரைக் காய்ச்சினார். கருவிகள் எல்லாம் பழையவை. அவற்றால் ஏதாவது வேண்டாத வாசம் பீரில் இறங்கினாலும் மறைந்துபோகட்டும் என்று, ஐபிஏ செய்முறையில் ஹாப்ஸை இரண்டு மடங்காக்கி, மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுமார் 30 சதவீதம் கூட்டினார். விற்பனைக்கு வந்த முதல் டபுள் ஐபிஏ என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு 2000-இல் ரஷ்யன் ரிவர் ஆலையில் அவர் செய்த பிளினி தி எல்டர் இந்த வகைக்கே அளவுகோல் ஆனது. அதுவும் 8 சதவீதம்தான்.

மால்ட்டையும் சேர்த்துக் கூட்டினார் என்பதைக் கவனியுங்கள். ஹாப்ஸை மட்டும் ஏற்றினால் கசப்பு நிற்க இடமில்லாமல் நாக்கை அறுக்கும். மால்ட் கூடினால் பீரின் உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், கூடும், கூடவே ஆல்கஹாலும் ஏறும். ஆக, இந்த பீரில் இருக்கும் ஆல்கஹால் கசப்பைத் தாங்குவதற்காக வந்த தூண். தூண் கண்ணை உறுத்தினால் கட்டடத்தில் ஏதோ கோளாறு. பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்தும் பிஜேசிபி அமைப்பின் 2021 வழிகாட்டி டபுள் ஐபிஏவுக்கு 7.5 முதல் 10 சதவீதம் ஆல்கஹால், 60 முதல் 100 வரை ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) கசப்பு என்று வரம்பு வைத்திருக்கிறது. அதோடு, இவ்வளவு வலுவான பீராக இருந்தும் முடிவு இனிப்பாக இல்லாமல் வறட்சியாக இருக்க வேண்டும் என்றும், குடிக்க எளிதாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. இந்த இரண்டு எதிர்பார்ப்புகளையும் நிறைவேற்றுவதுதான் செய்பவருக்கு உண்மையான சோதனை. கசப்பை ஏற்றுவது யாராலும் முடியும்.

இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜான் கிம்மிக்கின் தி ஆல்கெமிஸ்ட் ஆலையிலிருந்து 2011 முதல் கேனில் வரும் ஹெடி டாப்பர் போன்றவை கலங்கலாக இருக்கும். அதைப் பின்பற்றி வந்த கலங்கல் ஐபிஏக்களில் பழ வாசம் முன்னுக்கு வந்து, கசப்பு தணிந்து, வாயில் மெத்தென்று நிற்கும். நீங்கள் குடித்தது இரண்டில் எது என்று தெரிந்துகொண்டுதான் எடை போட வேண்டும். கலங்கல் வகையைப் பார்த்து "தெளிவாக இல்லை" என்று மதிப்பெண் குறைப்பதும், பிளினி மாதிரித் தெளிவான அமெரிக்க மேற்குக் கரை வகையைப் பார்த்து "பழச்சாறு மாதிரி இல்லை" என்று குறைப்பதும் ஒரே அளவு தவறு.

சரி, இப்போது கேனைத் திறப்பதற்கு முன்.

தேதியைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான், பெயரைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன். ஹாப்ஸ் வாசம் என்பது எளிதில் ஆவியாகிற, எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிடுகிற எண்ணெய்களால் ஆனது. பிளினி தி எல்டரின் லேபிளிலேயே, இதை வைத்திருந்து குடிக்காதீர்கள், புதிதாகவே குடித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். அடைத்த தேதி போட்டிருந்தால் நல்லது. 'இதற்குள் பயன்படுத்தவும்' என்ற தேதி மட்டும் இருந்தால் அது பெரிதாக உதவாது, ஏனென்றால் பல ஆலைகள் தாராளமாகத் தேதி போடுகின்றன. குளிர்ச்சியில் இருந்த கேனுக்கு இரண்டு மாதம் வரை பொறுப்பேன். மூன்று மாதம் தாண்டியிருந்தால் குடிப்பேன், மதிப்பெண் போட மாட்டேன்.

எங்கே வைத்திருந்தார்கள் என்பதும் தேதி அளவுக்கு முக்கியம். ஆலைக்காரர்கள் 3-30-300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சுமார் 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் வைத்திருந்தால் பீருக்கு ஏறத்தாழ ஒரே அளவு சேதம் என்று பொருள். துல்லியமான விதி இல்லை, தோராயக் கணக்குதான். ஆனாலும் நீங்கள் குடித்த கேன் கடைக்கு வரும் வழியில் சில நாள் வெயிலில் கிடந்திருந்தால், உங்கள் நண்பர்கள் குடித்ததும் நீங்கள் குடித்ததும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு பீர்கள். வாசம் போய்விடும், கசப்பு மட்டும் மிச்சம் நிற்கும். நீங்கள் சொன்ன "வெறும் கசப்பு" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு முதலில் எழுந்த சந்தேகம் இதுதான்.

அடுத்தது சூடு. குளிர்பெட்டியின் 3, 4 டிகிரியில் வாசம் வெளியே வராது, கசப்பின் முனை மட்டும் குத்தும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வையுங்கள். 7 டிகிரி அளவில் தொடங்கி 13, 14 டிகிரி வரை அது போகும் பாதை முழுவதையும் சுவைக்க வேண்டும். கட்டாயம் கிளாஸில் ஊற்றுங்கள். ஹெடி டாப்பர் கேனின் விளிம்பிலேயே "கேனிலிருந்தே குடி" என்று அச்சிட்டிருப்பார்கள். வாசம் சிதறாமல் இருக்கட்டும் என்கிற அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ரசித்துக் குடிக்க அது சரி. ஆனால் மதிப்பெண் போட உட்கார்ந்தால் மூக்குக்கு இடம் வேண்டும், கேனின் துளையில் அது கிடைக்காது. விசேஷ கிளாஸ் எதுவும் வேண்டியதில்லை. வாய் குறுகி வயிறு அகன்ற சாதாரண வைன் கிளாஸ் போதும். சோப்பு வாசமோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லாமல் கழுவியிருந்தால் சரி. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்ற இடம் விடுங்கள்.

பல் துலக்கிய உடனேயும், காபி குடித்த உடனேயும், காரமாகச் சாப்பிட்ட உடனேயும் உட்காராதீர்கள். பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் இருக்கட்டும்.

பார்ப்பதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். மேற்குக் கரை வகை என்றால் பொன்னிறம் முதல் இளஞ்செம்பு வரை, ஓரளவு தெளிவாக. நுரை வெள்ளையாக, நின்று, கிளாஸின் பக்கங்களில் சரிகை மாதிரி ஒட்டிக்கொண்டே இறங்க வேண்டும். ஹாப்ஸின் கசப்பு அமிலங்களே நுரையைத் தாங்கும், அதனால் இவ்வளவு ஹாப்ஸ் போட்ட பீரில் நுரை சட்டென்று அமுங்கினால் கிளாஸின் சுத்தத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். கலங்கல் வகையில் பார்க்க வேண்டியது நிறம். புதிதில் இளமஞ்சளாக இருப்பது, ஆக்சிஜன் பட்டுக் கெடும்போது மங்கி, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்துக்குப் போகும். அந்த நிறத்தைக் கண்டால் முகர்வதற்கு முன்பே மனத்தைத் தயார் செய்துகொள்ளலாம்.

முகர்வதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊற்றிய உடனே, நுரை உட்காருவதற்கு முன், இரண்டு சின்ன மூச்சு. ஆழமாக இழுக்காதீர்கள், நாய் முகர்வது போல வெட்டி வெட்டி. முதல் அரை நிமிடத்தில் வந்து மறைந்துவிடுகிற வாசங்கள் சில உண்டு, அவற்றை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கிளாஸைக் கையால் மூடி, மெல்லச் சுழற்றி, கையை எடுத்து மறுபடியும் முகருங்கள். மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கையின் உட்பக்கத்தை முகர்ந்துவிட்டு வாருங்கள். சொந்த உடலின் வாசம் மூக்குக்குப் பழகியது, அதனால் அது ஓய்வெடுத்துத் திரும்பும்.

இந்த வாசம் எங்கிருந்து வருகிறது? ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூக்கதிர். அதன் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடியாக லுபுலின் சுரப்பிகள் இருக்கும். கசப்புக்கான அமிலங்கள், வாசத்துக்கான எண்ணெய்கள் இரண்டுமே அதற்குள்தான். ஆனால் இரண்டும் எதிரெதிர் குணம் கொண்டவை. கசப்பு வெளிவர வேண்டுமானால் நீண்ட நேரம் கொதிக்க வேண்டும். வாசமோ கொதித்தால் ஆவியோடு போய்விடும். அதனால்தான் ஆலைக்காரர் கசப்புக்கென்று தொடக்கத்திலும், வாசத்துக்கென்று அடுப்பை அணைத்த பின்னும், கடைசியில் நொதித்து ஆறிய பீருக்குள்ளேயும் ஹாப்ஸ் போடுகிறார். கடைசியாகச் சொன்னதைத்தான் டிரை ஹாப்பிங் என்கிறார்கள். டபுள் ஐபிஏவின் மூக்கு முழுக்க அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதப்படுவது.

ரகத்துக்கு ரகம் வாசம் மாறும். அமெரிக்காவில் 1972-இல் வெளிவந்த காஸ்கேட் கிரேப்ஃப்ரூட்டும் பூவுமாக இருக்கும். சினூக் பைன் பிசின் பக்கம் சாயும். சிம்கோவில் பிசினும் ஈர மண்ணும் பழமும் சேர்ந்து வரும். சிட்ராவில் எலுமிச்சையோடு மாம்பழமும் லிச்சியும். நியூசிலாந்தின் நெல்சன் சாவின் வெள்ளைத் திராட்சை வைனை நினைவூட்டும், அதன் பெயரே சாவின்யோன் பிளாங் திராட்சையைக் குறித்து வைத்ததுதான். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தொடங்குபவர்கள் மூன்று கூடைகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: பழம், பிசின், பச்சிலை. எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் என்று எழுதுங்கள். கூடை பிடிபட்ட பிறகு உள்ளே இருக்கும் பழத்தின் பெயர் தானாக வரும். பெயர் வராவிட்டாலும் குடிமுழுகிவிடாது. "ஏதோ தோல் உரித்த மாதிரி" என்று எழுதிய என் பழைய குறிப்பு ஒன்று, பிற்பாடு அது ஆரஞ்சுத் தோல் என்று பிடிபட எனக்கு உதவியது.

வெங்காயமும் பூண்டும் கலந்த வாசம் வந்தால் நீங்கள் தவறாக முகரவில்லை. சில ரகங்களிலும், தாமதமாக அறுவடை செய்த ஹாப்ஸிலும் கந்தகச் சேர்மங்கள் கூடி அப்படி வரும். லேசாக இருந்தால் சிலர் விரும்புவார்கள். நான் மதிப்பெண் குறைப்பேன். பாலாடைக்கட்டி வாசம் வந்தால் பழைய ஹாப்ஸைப் பயன்படுத்தியிருக்கலாம்.

இனி வாய்.

முதல் மடக்கைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவது மடக்கை வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். துப்ப வேண்டாம், பீர் நடுவர்களும் பொதுவாகக் கொஞ்சமாவது விழுங்குவார்கள். விழுங்கியதும் வாயை மூடி, மூச்சை மூக்கு வழியாக மெதுவாக வெளியே விடுங்கள். தொண்டையின் பின்பக்கமாக வாசம் மறுபடி மூக்குக்கு ஏறும். நாம் 'சுவை' என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் இந்த வழியாக வருவதுதான். இதைச் செய்யாமல் குடித்தால் ஹாப்ஸ் பீரில் கசப்பு மட்டுமே தெரியும், நீங்கள் சொன்ன மாதிரியே.

பிறகு மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஹாப்ஸ் கசப்பு இனிப்பைப் போல உடனே வந்து உடனே போவதில்லை. தாமதமாக எழும்பி, உச்சிக்குப் போய், இழுத்துக்கொண்டே இறங்கும். நல்ல டபுள் ஐபிஏவில் அது சட்டென்று ஏறி, கூர்மையாக நின்று, பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் மெல்ல விலகத் தொடங்கும். வாயில் பழமோ பிசினோ மிச்சமிருக்கும், அடுத்த மடக்குக்கு வாய் தயாராக இருக்கும். சுமாரான ஒன்றில் கசப்பு அடிநாக்கில் அப்பிக்கொண்டு முப்பது எண்ணினாலும் நகராது. ஒவ்வொரு மடக்கும் முந்தியதன் மேல் படிந்துகொண்டே போகும். நாலாவது மடக்கில் வேறெதுவும் தெரியாது. இரண்டு பீர்களிலும் கேனில் போட்ட ஐபியு எண் ஒன்றாகவே இருக்கலாம்.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபியு என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் பீரில் எத்தனை மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருக்கிறது என்பதைக் குறிக்கும். ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறி ஐசோ ஆல்ஃபா ஆகும்போதுதான் பீருக்கு அந்தக் கசப்பு வருகிறது. ஆய்வகத்தில் பீரின் கசப்புப் பொருள்களை ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து, 275 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். அந்தக் கருவிக்கு நாக்கு இல்லை. மால்ட் இனிப்பு எவ்வளவு, தண்ணீரில் சல்ஃபேட் கூடுதலா குளோரைடு கூடுதலா, ஆல்கஹால் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சல்ஃபேட் கூடிய தண்ணீரில் கசப்பு வறட்சியாகவும் கூராகவும் தெரியும். குளோரைடு கூடினால் உருண்டையாக, மெத்தென்று தெரியும். அதனால் 90 ஐபியு டபுள் ஐபிஏ ஒன்று, 60 ஐபியு பீரைவிட மென்மையாகப் படுவது சாதாரணம். கேனில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுக் குடித்தால் எண்ணைத்தான் சுவைப்பீர்கள்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஹாப்ஸ் பீரைக் குடித்துவிட்டு "கசப்பு தாங்கவில்லை" என்பவர்களிடம் விசாரித்தால், பாதிப் பேர் சொல்வது துவர்ப்பை. கசப்பு நாக்கின் சுவை. துவர்ப்பு என்பது வாயின் உட்தோல் இழுபட்டுச் சுருங்கி வறளும் தொடு உணர்வு, தேயிலையை ரொம்ப நேரம் ஊறவிட்ட தேநீர் மாதிரி. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது துவர்ப்பு. இலைச்சத்தும் ஹாப்ஸ் துகளும் பீரில் அதிகம் தங்கிவிட்டால் இப்படி வரும். கலங்கல் வகையில், அடைத்து ஓரிரு வாரமே ஆன கேனில், தொண்டையில் ஒரு கரகரப்பான எரிச்சலும் சேர்ந்து வரலாம். ஹாப் பர்ன் என்பார்கள். அதைக் குளிரில் இரண்டு மூன்று வாரம் விட்டால் துகள் அடியில் படிந்து எரிச்சல் தணிந்துவிடும். புதியதே நல்லது என்று மேலே அழுத்திச் சொன்ன விதிக்கு விலக்கு இது ஒன்றுதான்.

உங்கள் தொண்டை எரிச்சல் இதுவா, ஆல்கஹாலா என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஆல்கஹால் எரிச்சல் சூடாக இருக்கும். விழுங்கியதும் நெஞ்சுக்குள் இறங்கும், மூக்கில் லேசாக நகச்சாயம் போன்ற வாடை ஏறும். ஹாப் பர்ன் தொண்டைக்குழியிலேயே நின்று கரகரக்கும். முதலாவது என்றால் நொதிப்பு நடந்தபோது சூட்டைக் கட்டுப்படுத்தாமல் விட்டிருக்கலாம். அது பொறுத்திருந்தாலும் சரியாகாது. இதமான ஒரு வெதுவெதுப்பு இருந்தால் மட்டும் நான் குறைக்க மாட்டேன், 8 சதவீத பீரில் அது இயல்பு.

இனிப்பைக் கவனிக்க மறந்துவிடாதீர்கள். பலர் கசப்பிலேயே கண்ணாக இருந்து, இந்த பீரின் உண்மையான பலவீனத்தைத் தவறவிடுகிறார்கள். என் அனுபவத்தில் தோற்றுப்போகிற டபுள் ஐபிஏக்களில் கசப்பால் தோற்பவை குறைவு, இனிப்பால் தோற்பவையே அதிகம். கேரமல் மால்ட் கூடிப்போய் உதட்டில் ஒட்டும், கசப்பும் இனிப்பும் தனித்தனியாக நின்று இருமல் மருந்து மாதிரி ஆகிவிடும். குடித்து முடித்து உதடுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். பிசுபிசுத்தால் எழுதி வையுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி வாருங்கள். இடையில் ரொட்டி, தண்ணீர். கிளாஸைக் கையால் அணைத்து 13 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து, முகர்வதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். குளிர் மறைத்து வைத்திருந்த அத்தனையும் இப்போது வெளியே வரும், நல்லதும் கெட்டதும்.

கெட்டுப்போன பீரைக் கெட்டுப்போனது என்று அடையாளம் காணத் தெரிவதும் மதிப்பெண் போடுவதில் ஒரு பகுதி. நனைந்த அட்டை, பழைய தேன், சோர்ந்துபோன பழ வாசம் என்றால் ஆக்சிஜன் பட்டது. வெண்ணெய் வாசமும் வழவழப்பும் என்றால் டயசெடைல், நொதிப்பின்போது உருவாகும் ஒரு சேர்மம். டிரை ஹாப்பிங்கின்போது ஹாப்ஸில் இருக்கும் நொதிகள் பீரில் மிச்சமிருந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிட, ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டு நொதிக்கத் தொடங்கும். அந்த இரண்டாம் சுற்று முடிவதற்குள் அவசரப்பட்டு அடைத்தால் இது வரும். ஹாப் கிரீப் என்று பெயர். நெடி பிடித்த ரப்பர் மாதிரி, ஸ்கங்க் என்ற விலங்கின் வாடை என்று மேற்கில் சொல்வது வந்தால் வெளிச்சம் பட்டது. ஹாப்ஸின் கசப்பு அமிலம் ஒளியில் உடைந்து கந்தகச் சேர்மம் ஆவதால் நேர்வது. பச்சை பாட்டிலில் வரும், கேனில் வராது. இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் வழியில் நடந்த கேடு. அப்படிப்பட்ட பீருக்கு மதிப்பெண் போட்டு ஆலையைத் தண்டிப்பது சரியில்லை என்பது என் கருத்து. "கெட்டது, மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுதி விட்டுவிடுவேன்.

இப்போது எண்களுக்கு வரலாம். ஐந்து நட்சத்திரத்தில் நேரடியாக ஒரு எண்ணைப் போடுவதைவிட, பிரித்துப் போட்டுக் கூட்டுவது நேர்மையாக இருக்கும். பிஜேசிபி தாளில் மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்த எண்ணம் 10. பார்ப்பதற்கு 3 தான், முகர்வதற்கு அதைப்போல நான்கு மடங்கு என்பதைக் கவனியுங்கள். கேனிலிருந்து குடித்தபோது அந்த 12 மதிப்பெண்ணுக்கான பகுதியை நீங்கள் கிட்டத்தட்ட முழுவதுமாக இழந்துவிட்டீர்கள். 38-க்கு மேல் போனால் மிகச்சிறந்த வரிசை, 45-க்கு மேல் அபூர்வம். 30 முதல் 37 வரை நல்ல பீர், சின்னக் குறைகள் உண்டு. 21-க்குக் கீழே போனால் ஏதோ பெரிய கோளாறு.

அண்மையில் இரண்டு டபுள் ஐபிஏக்களை அருகருகே வைத்து, எது எதுவென்று தெரியாதபடி வேறொருவரை ஊற்றச் சொல்லி மதிப்பிட்டேன். முதலாவது குளிர்ந்திருந்தபோது அசத்தியது. மாம்பழம், ஆரஞ்சுத் தோல், சுத்தமான கசப்பு. அப்போதே போட்டிருந்தால் 41 போட்டிருப்பேன். 14 டிகிரிக்கு வந்ததும் இனிப்பு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது, ஆல்கஹால் மூக்கில் ஏறியது, கசப்பு நகரவே இல்லை. முடிவில் மணம் 9, தோற்றம் 3, சுவை 14, வாயுணர்வு 3, எண்ணம் 7, மொத்தம் 36. இரண்டாவது தொடக்கத்தில் வாயே திறக்கவில்லை. கொஞ்சம் பிசின், வறட்டுக் கசப்பு, நுரையும் சீக்கிரம் அமுங்கியது. மனத்துக்குள் 31 என்று வைத்திருந்தேன். கால் மணி நேரத்தில் பிசினுக்கு அடியிலிருந்து வெள்ளைத் திராட்சையும் வெட்டிய புல்லும் எழும்பின. கசப்பு அதே உயரத்தில் இருந்தது, ஆனால் பன்னிரண்டு எண்ணுவதற்குள் வழுக்கிக்கொண்டு போனது. 10, 2, 16, 4, 7. கூட்டினால் 39. பெயரைத் திருப்பிப் பார்த்தால், 36 வாங்கியது நான் பல வருடமாக எல்லாருக்கும் பரிந்துரைத்துவந்த பீர். அன்றிலிருந்து பெயர் தெரிந்து போடும் மதிப்பெண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை.

எனக்குப் பிடித்ததா என்பதற்குத் தனியாக ஒரு வரி எழுதுவேன், எண்ணோடு கலக்க மாட்டேன். கசப்பை உணரும் ஏற்பிகள் மனிதர்களுக்குச் சுமார் 25 வகை, அவற்றின் கூர்மை ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் நண்பருக்கு இதமாக இருப்பது உங்களுக்குக் கடுமையாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. "இந்த வகைக்கு இது 40, எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் எழுதினால் அதைப் பயனுள்ள மதிப்பீடாகவே எடுத்துக்கொள்வேன்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 473 மில்லி கேன், 8 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 30 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீரின் 330 மில்லி பாட்டிலில் இருப்பது சுமார் 13 கிராம். ஒரே கேனில் இரண்டு பாட்டிலுக்கு மேல் போய்விடுகிறது. குடிக்க எளிதாக இருப்பதுதான் இந்த வகையின் பெருமை, ஆபத்தும் அதுதான். மதிப்பிட 60 முதல் 90 மில்லி போதும். ஒரு கேனை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரே அமர்வில் மூன்றுக்கு மேல் வேண்டாம், நாலாவதை உங்கள் நாக்கால் நியாயமாக எடைபோட முடியாது. மென்மையான பீர் ஏதாவது இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள், இதற்குப் பிறகு அது தண்ணீராகத்தான் தெரியும். திரும்பிப் போக வண்டி ஓட்டாத ஏற்பாட்டோடு உட்காருங்கள்.

உங்கள் பீருக்கே திரும்ப வருகிறேன். அதையே மறுபடி வாங்குங்கள், ஆனால் அடைத்து ஆறு வாரத்துக்குள், குளிரில் வைத்து விற்கிற இடத்தில். அதே நண்பர்களைக் கூப்பிட்டு, கிளாஸில் ஊற்றி, மூக்கு வழியாக மூச்சை விட்டு, எண்ணிப் பாருங்கள். இரண்டாவது முறை, குளிர் விட்ட பிறகும் எண்ணுங்கள். அப்போதும் கசப்பு முப்பது வரை நகராமல் இருந்தால், ஐந்துக்கு இரண்டையே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எத்தனையாவது எண்ணில் என்ன மிச்சம் இருந்தது, கசப்பா துவர்ப்பா இனிப்பா என்று மட்டும் எழுதிவிடுங்கள்.